நாற்பத்திரண்டாம் எண் வீடு

கீமோ தொடங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நான் சொல்வதையும் உடனே நம்பிவிட வேண்டாம். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் யாரையும் நம்பாத குடும்பத்தில் பிறந்தவள். செம்பாக்கத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. அதெல்லாம் மனைகளாகப் பிரித்து விற்ற காலத்தில், சும்மா ஒரு கையெழுத்து என்று நோட்டை நீட்டிய ஒரு ஆளை நம்பி என் அப்பா ஏரியோரத்தில் முக்கால் ஏக்கரை விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக்கூட வில்லங்கம் பார்த்துவிட்டுத்தான் காபி கொடுப்போம்.

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது முதலில் பரிசோதனைக் கூடத்தைச் சந்தேகப்பட்டேன். பயாப்ஸி என்றால் வேறொன்றுமில்லை, ஊசியால் துளி சதையை எடுத்துக் கண்ணாடிக்கடியில் பார்ப்பது. அந்தத் துளி என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும்? ஒரே நாளில் எத்தனை பேரிடம் எடுக்கிறார்கள், ஒட்டுகிற சீட்டு மாறாதா? குரோம்பேட்டையில் வேறொரு கூடத்தில் மறுபடி கொடுத்தோம். அங்கேயும் அதேதான் வந்தது. இரண்டு கூடமும் பேசிவைத்துக்கொண்டிருக்கலாம் என்று நான் சொன்னதும் என் கணவர், "வசந்தா, போதும்மா" என்றார். அவர் குரல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

வைகாசியில் மார்பை எடுத்தார்கள். புண் ஆறியதும், ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை கீமோ. ஆறு சைக்கிள் என்றார் டாக்டர். ஒரு தடவை மருந்து ஏற்றிவிட்டு இருபத்தொரு நாள் விடுவார்கள், அதுதான் ஒரு சைக்கிள். வேகமாக வளர்கிற எதையும் இந்த மருந்து அடிக்கும். புற்றும் வேகமாக வளரும், அதனால் அடிபடும். முடியும் வாய்க்குள்ளிருக்கும் தோலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் அப்படியே வளர்கிறவை என்பதால் அவையும் சேர்ந்து அடிபடும். டாக்டர் இதைப் பொறுமையாகத்தான் சொன்னார். இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாரே, இதில் என்ன இருக்கிறதோ என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தாம்பரம் தாண்டி இருந்த அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் நீளமான ஒரு ஹால். சாய்ந்து படுக்கிற மாதிரி ஆறு நாற்காலிகள். ஒப்புதல் படிவத்தை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்றாள் நர்ஸ். நான்கு பக்கத்தையும் படித்து முடித்தேன். அவள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகு மருந்துக் குப்பிகளைக் காட்டச் சொன்னேன். பெயர், காலாவதி, மூடி உடைக்காமல் இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். அவள் முகம் சுளித்தாலும் காட்டினாள். இது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக எனக்கு யாரும் மருந்தைக் குறைக்கவில்லை.

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். தலையில் பூப்போட்ட துண்டு, கறுத்து மெலிந்த முகம், புருவமே இல்லை. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, இவள் சிரிக்கிறாள்.

"நல்லா பாத்துக்க அக்கா. நானும் மொத தபா மீனு பாக்கற மாதிரி செதிளத் தூக்கித்தான் பாத்தேன்" என்றாள்.

பெயர் அஞ்சலை. கோவளம் பக்கத்தில் ஒரு குப்பம். மீன் விற்கிறவள். அவளுக்கு இது நான்காவது சைக்கிள். மூன்று பஸ் மாறி, தனியாக வந்திருந்தாள். அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சொன்னாள். இன்று போகிற மருந்தில் ஒன்று சிவப்பு, அது ஏறினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலறக் கூடாது. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, அதுதான் குமட்டலைக் கிளப்பும், பொரியோ ரஸ்க்கோ கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். முடி கொட்டுமுன் நாமே வெட்டிவிட வேண்டும், தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்த்தால் மனசு விட்டுவிடும். சிவப்பு மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் வைத்துக்கொண்டால் வாய்க்கு ரத்த ஓட்டம் குறையும், மருந்தும் அங்கே குறைவாகப் போகும், புண் அவ்வளவாக வராது. சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்கைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். உள்ளே ஐஸ் துண்டுகள்.

மீன்காரி கொண்டுவந்த ஐஸ். எந்தப் பெட்டியில், எந்த வஞ்சிரத்துக்கடியில் கிடந்ததோ. வேண்டாம் என்றேன். ஜூஸ் கடையில் வாங்கியது என்று அவள் சொன்னாள். அதையும் நான் நம்பவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள்.

என் கவலை ஐஸ் மட்டுமல்ல. முன்பின் தெரியாத ஒருத்தி இத்தனை அக்கறையாகப் பேசினால் கடைசியில் எதையாவது விற்பாள் என்பது என் அனுபவம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. நலம் விசாரித்துக்கொண்டே வந்து சத்துமாவு, மூலிகைச் சாறு என்று ஆளைச் சேர்த்துவிடுவார்கள். இடுப்பு வலிக்கு என்று என் கணவரின் ஆபீஸ் நண்பர் தலையில் கட்டிய காந்தப் படுக்கை இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. எனவே இவள் எப்போது பையைத் திறப்பாள் என்று காத்திருந்தேன்.

திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று.

"எனக்கு எழுதத் தெரியாது. உன் பேரு, வூடு, போன் நம்பரு, நீயே எழுதிக் குடு. பத்தாம் நாளு வந்து பாக்கறேன்."

பத்தாம் நாள் என்று காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் பத்தாம் நாள் என்றால் காரியம். ஒரு நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது? நோட்டைப் புரட்டினேன். விதவிதமான கையெழுத்தில் பன்னிரண்டு பதின்மூன்று பெயர்கள். ஒரே ஒரு முகவரியில் மட்டும் கதவு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. வட்டம் எதற்கு? எனக்கு அப்பாவின் முக்கால் ஏக்கர் நினைவுக்கு வந்தது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சமாக இருந்தது. வசந்தா, எண் 42, மூன்றாவது குறுக்குத் தெரு, செம்பாக்கம் என்று எழுதினேன். தெரு சரி. எங்கள் வீடு எண் 9. போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றிவிட்டேன்.

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பொழுதுபோகாமல் கேட்கிறவள் போல அஞ்சலை கேட்டாள். "உங்க தெருவுல எந்த கோயில்ல கூழு ஊத்துவாங்க?"

"எல்லையம்மன். ரெண்டாவது ஞாயிறு" என்றேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து முதல் பானை எங்கள் வீட்டுப் பானைதான் என்றும், கூழுக்கு முருங்கைக்கீரைப் பொரியல் எங்கள் கோயிலில் மட்டும்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவளும் தன் குப்பத்துக் கங்கையம்மன் கோயில் கூழைப் பற்றிச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு வைப்பார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னபடியே சிவப்பாகப் போனது. அவள் சொல்லியிராவிட்டால் தெருவையே கூட்டியிருப்பேன். சொன்னது பலித்ததும் நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு யோசனை. இவளுக்கு எப்படி எல்லாம் தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறவளோ?

மூன்றாம் நாளிலிருந்து எல்லாமே நாறியது. பெருங்காயம், சோப்பு, புதுத் துணி, எது பட்டாலும் குமட்டல். என் கணவர் குமரேசன் இருபது வருஷமாகக் கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு ஆபீஸ் போகிற மனிதர். நான்காம் நாள் பவுடர் போடாமல் கிளம்பினார். அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். துணைக்கு என் நாத்தனார் லோகநாயகி அக்கா படப்பையிலிருந்து வந்து இறங்கினார். தாளிக்காத ரசம், குழைந்த சோறு, அரை மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர். ஊட்டிவிட்டு, நான் வாந்தி எடுத்தால் அள்ளிவிட்டு, முகம் கோணாமல் மறுபடி ஊட்டினார். சொந்தத் தங்கைக்குச் செய்வாரா என்று தெரியாது, எனக்குச் செய்தார்.

எட்டாம் நாள் வாயில் புண் வந்தது. நாக்கு, உதட்டின் உள்பக்கம், தொண்டை எல்லாம் கொப்புளம். எச்சில் விழுங்கக் கண்ணீர் வந்தது. அந்த ஐஸை வாங்கி வாயில் போட்டிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சனிக்கிழமை உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: காய்ச்சல் நூறைத் தாண்டினால் எந்த நேரமானாலும் உடனே வரவும். அந்த வரியை நான் அன்றைக்கே படித்திருந்தேன். படித்துவிட்டு, கட்டில் காலியாக இருக்கிறது போல என்று சொல்லிச் சிரித்தவளும் நான்தான். எப்போது வேண்டுமானாலும் வா என்று எந்த வியாபாரி கூப்பிட்டாலும் நான் போகமாட்டேன். தெர்மாமீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு காலை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. லோகநாயகி அக்கா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். தெருமுனையில் எல்லையம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது, கூழ் ஊற்றுகிற நாள். அவர் கையைக் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா" என்றார்.

ஆடி மாதம், காய்ச்சல், வாயெல்லாம் கொப்புளம், இந்த வருஷம் எங்கள் வீட்டுப் பானை கோயிலுக்குப் போகவில்லை. அம்மை என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. அவர் அம்மா அப்படித்தான் பார்த்திருப்பார், என் அம்மாவும் அப்படித்தான். வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மை வந்த வீட்டில் மருந்து கூடாது, வெளியாள் கூடாது, கவுச்சி கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு போனாவது போடலாமே என்று குமரேசன் இழுத்தார். ஆத்தா கோவிச்சுக்குவா என்று அக்கா சொன்னதும் அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருந்தால் போன் போட்டிருப்பார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆஸ்பத்திரியைவிட ஆத்தாளை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. எங்கள் குடும்பம் வில்லங்கம் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

பதினொரு மணிக்கு மேல் இருக்கும். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அந்தக் குரல் அடையாளம் தெரிந்தபோது கனவு என்றுதான் நினைத்தேன்.

அக்கா கேட்டைத் திறக்கவில்லை. காய்ச்சல், வாயெல்லாம் கொப்புளம், அம்மை கண்ட வீடு, மீன்காரி உள்ளே வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலை சண்டை போடவில்லை. கூடை கொண்டுவரவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் வியாபாரம் ஆகிற ஒரே நாள், அதை விட்டுவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். தன் குப்பத்தில் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான் தானும் என்றாள். பிறகு தலையில் இருந்த துண்டை அவிழ்த்தாள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன், வெயிலில் அந்த மொட்டைத் தலை.

"எனக்கும் இதே சீக்குதான்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆத்தா வந்தா ஒடம்பெல்லாம் முத்து போடுவா. இந்த அக்காவுக்கு நெஞ்சுல, முதுகுல, ஒரு முத்து கீதா?"

அக்கா திரும்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வாயில மட்டுமா போடுவா ஆத்தா? இது மருந்து சூடு. ரத்தத்துல கவுன்ட்டு எறங்கிப் போச்சு. இன்னிக்கு பத்தாம் நாளு. இன்னிக்கு இட்டுகினு போவலன்னா ஆளு இருக்கமாட்டா."

பிறகு லோகநாயகி அக்கா உள்ளே வந்து என் ரவிக்கையை விலக்கி முதுகைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஒன்றுமில்லை. வாசலுக்குப் போய், தாயே மன்னிச்சுக்கோ என்று சொல்லி வேப்பிலையை அவரே கழற்றினார். குமரேசன் செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார். காம்ப் ரோட்டில் பால்குட ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கி, நகருங்கள் நகருங்கள் என்று முன்னால் ஓடி வழி பண்ணிக்கொடுத்தவள் அஞ்சலை. நான்காவது சைக்கிள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத உடம்பு அது.

கவுன்ட் என்றால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. கிருமி வந்தால் சண்டை போடுகிற ஆட்கள் அவைதான். பத்தாம் நாளையொட்டி அது அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் வருகிற காய்ச்சல் மற்ற காய்ச்சல் மாதிரி இல்லை, எதிர்த்து நிற்க உள்ளே ஆளே இருக்காது. ஆறு நாள் தனி அறையில் போட்டு மருந்து ஏற்றினார்கள், எண்ணிக்கையைக் கூட்ட வயிற்றில் ஊசி போட்டார்கள். திங்கட்கிழமை வந்திருந்தால் தன்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் குமரேசனிடம் சொன்னாராம். அந்த ஒரு தடவை மட்டும் டாக்டர் சொன்னதை நான் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அஞ்சலை என்னைப் பார்க்க வந்தாள். லோகநாயகி அக்கா எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கூழைச் சொம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீடு எப்படிக் கிடைத்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீ எழுதின நம்பரத் தேடிகினு போனேன். பதினேழோட தெரு முடிஞ்சு போச்சு, அப்பால ஏரி. உன் நாப்பத்தி ரெண்டாம் நம்பரு தண்ணிக்குள்ள கீது அக்கா" என்று சிரித்தாள். பிறகு எல்லையம்மன் கோயிலுக்குப் போனாளாம். இந்த வருஷம் யார் வீட்டுப் பானை வரவில்லை என்று கூழ் ஊற்றுகிறவர்களிடம் கேட்டாளாம். ஒன்பதாம் நம்பர் என்று நான்கு பேர் கை காட்டினார்களாம்.

பொய் எண் கொடுத்தேன் என்று தெரிந்தும் ஏன் தேடினாய் என்று கேட்டேன். அவள் நோட்டை எடுத்து, வட்டம் போட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய முதல் சைக்கிளில் பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சரம்மா எழுதிக் கொடுத்தது அது. ஐஸ், பொரி, காய்ச்சல், எல்லாவற்றையும் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அடுத்த முறை அவர் வரவில்லை. இவள் நோட்டை எடுத்துக்கொண்டு சேலையூரில் தேடியிருக்கிறாள். அந்த எண்ணில் வேறு யாரோ இருந்தார்கள். வெயிலில் இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தாள். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப் சுவரில் அவர் படம் ஒட்டியிருந்தது, கண்ணீர் அஞ்சலி என்று. காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்துவிட்டாராம்.

"மீன்காரிய வூட்டுக்கு வர வுடுவாங்களான்னு நெனச்சிருப்பாங்க, தப்பா குடுத்துட்டாங்க. அதுலேர்ந்து கோயில கேக்கறேன். கதவு நம்பருல பொய் சொல்லுவாங்க, போன் நம்பருல பொய் சொல்லுவாங்க. எந்த ஆத்தா கோயிலு கூழு குடிக்கறன்னு கேட்டா எவளும் பொய் சொல்லமாட்டா."

எனக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கோ அஞ்சலை என்றேன். ஊசி கழண்டுக்கும், பேஜார் பண்ணாத என்று அவள் என் கையை எடுத்துப் படுக்கையில் வைத்தாள்.

அடுத்த சைக்கிளில் ஐஸை இரண்டு துண்டாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். முடியைக் கொட்டுமுன் குமரேசனே வெட்டிவிட்டார், கோணல்மாணலாக. அஞ்சலைக்கு ஆறு முடிந்த நாளில், ஆஸ்பத்திரியில் யாரும் போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்பதால் வெறுமனே போறேன் என்று சொல்லிவிட்டு, நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மீன் அவளிடம்தான். செதிளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன், அவளும் திட்டிக்கொண்டேதான் காட்டுகிறாள்.

என்னுடைய ஆறாவது சைக்கிள் அன்று பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் ஐஸைப் பற்றியும் சிவப்பு மருந்தைப் பற்றியும் சொன்னதையெல்லாம் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நோட்டை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எண் 118 என்று ஆரம்பித்து, சேலையூரில் ஒரு தெருவின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அந்தத் தெரு எனக்கு நன்றாகத் தெரியும், என் பெரியப்பா மனை அங்கேதான். முப்பதோடு தெரு முடிந்துவிடும்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன். "உங்க தெருவுல எந்தக் கோயில்ல கூழ் ஊத்துவாங்க?"

அவள் முகம் மலர்ந்தது. "பொன்னியம்மன் கோயில்க்கா. மூணாவது ஞாயிறு" என்றாள், யோசிக்காமல்.